கழுத்தளவுப் பலகை

என் தாய்மாமனின் கால் அளவு ஏழு. அவர் வாங்கிப் போட்டுக்கொண்டது ஒன்பதாம் நம்பர் பூட்ஸ். கடைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், மாமா கேட்கவில்லை. முன்னால் மிஞ்சிய இடத்தில், துணி வெட்டும்போது கழிகிற பனியன் வேஸ்ட்டை உருட்டித் திணித்துக்கொண்டு ராயபுரம் வீதியில் சளக் சளக்கென்று நடந்து போவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்த உருண்டையை வெளியே இழுப்பார். பகல் முழுக்க வேர்வையில் ஊறி அது பழைய கஞ்சியின் நிறத்துக்கு வந்திருக்கும். மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு நாளைக்குத் தாங்கும் என்று சன்னல் திட்டின் மேல் காயப்போடுவார். அந்தச் சன்னல் திட்டில்தான் அவர் மனைவி, என் அத்தை, தலை சாய்ப்பாள்.

‘அவர்’ என்று எழுதுவது பழக்கதோஷம். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் நாயைத் துரத்தும்போதுகூட ‘ங்க’ போட்டுத் துரத்துகிறவர்கள் உண்டு. மாமா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். அவர் விஷயத்தில் அந்த நாகரிகம் எனக்கு வரவில்லை.

அறுபதுகளின் கடைசியில் அவருக்கு ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனி இருந்தது. வீட்டின் முன்பாதியில் துணி பின்னுகிற நாலு நிட்டிங் மிஷினும் தைக்கிற ஆறு பவர் டேபிளும் ஓடும். பின்பாதியில் அவரும் அத்தையும் குடியிருந்தார்கள். நான் அங்கே துணி வெட்டுகிறவன். கல்யாணமாகி, ஒரு பிள்ளையும் பிறந்து, அவர் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்றிலேயே குடியிருந்தேன். வெட்டுகிறவர்கள் நானும் இன்னொரு ஆளும்தான். ஆனாலும் வெளியாள் யார் வந்தாலும் அவர் என்னை ‘நம்ம கட்டிங் மாஸ்டர்’ என்பார், எனக்குக் கீழே இருபது பேர் நிற்பதுபோல. வந்தவர் போனதும் ‘டேய் மாப்ளே’ ஆகிவிடுவேன்.

அளவு என்பது அவருக்கு எதிரில் நிற்கிறவனின் கண்ணுக்காக ஏற்பட்ட விஷயம். அதைப் போட்டுக்கொள்கிறவன், அதில் படுக்கிறவன், அதைத் தின்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்பது அவர் புத்தியில் ஏறவே ஏறாது. மகளை மூலனூரில் கட்டிக்கொடுத்தபோது பந்திக்கு இலை பெரிதாக வேண்டுமென்று தோட்டம் தோட்டமாக அலைந்தார். அவ்வளவு பெரிய இலையில் லட்டு எங்கே வைத்திருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. பந்தி எழுந்ததும் வரிசைக்குள் நுழைந்து, யாரோ தொடாமல் வைத்துவிட்டுப் போன லட்டுகளைப் பொறுக்கி, வேட்டியில் துடைத்து, கூடையில் போட்டார். அடுத்த பந்திக்கு அவைதான் வந்தன. எனக்கும் ஒன்று வந்தது. நான் அதைத் தொடவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சாப்பிட்டபோது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பனியன் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். மேஜையில் விரித்ததும் அதை அதன் போக்கில் கிடக்கவிட்டு, அடங்கிய பிறகு வெட்டுவதுதான் தொழில்முறை. மாமா அடங்கவிட மாட்டார். ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையைத் தான் பிடித்து, குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுப்பார். விறைத்து நிற்கும்போதே வெட்டச் சொல்வார். தொண்ணூறு சைஸ் என்று முத்திரை குத்திப் பெட்டியில் போகிற பனியன் முதல் சலவையிலேயே எண்பத்தைந்து ஆகிவிடும். மதுரையிலிருந்து ஒரு வியாபாரி, வாங்கினவர்களெல்லாம் தொப்புள் தெரிகிறது என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என எழுதியிருந்தார். தங்கள் ஊரில் அனைவரும் சௌக்கியமாக உண்டு உடல் பெருத்திருப்பது அறிந்து மகிழ்ச்சி என்று பதில் எழுதச் சொன்னார் மாமா. எழுதியது நான். துணியின் இன்னொரு முனையைப் பிடித்ததும் நான்தான்.

அத்தை சேவூர்க்காரி. தோட்டத்துக் காற்றில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்து அந்தப் பின்பாதி வீட்டில் இருபத்தைந்து வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தாள். மிஷின் ஓடுகிற வீட்டில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். பால் பாத்திரத்தை மூடாமல் வைத்தால் மேலே ஆடைக்கு முன்னால் பஞ்சு படியும். அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாது. பாதி சொல்லிவிட்டு, கையைக் காட்டி நம்மை நிறுத்திவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொல்வாள். மாமாவுக்கு அந்த நேரம் போதும். அவள் மூச்சு வாங்குவதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அப்படிப் பாதியில் நின்ற வாக்கியங்களை எண்ணினால் ஒரு ஆயுள் வரும்.

டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். மருந்து பாதி, காற்று பாதி. படுக்கை சன்னலை ஒட்டியே இருக்க வேண்டும், சன்னல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். அந்தப் பின்பாதியில் இருந்ததே ஒரே ஒரு சன்னல்தான், தெற்குச் சுவரில். இடுப்புயரத்தில் ஆரம்பிக்கும். கதவுகள் உள்பக்கம் திறக்கிறவை. அதை ஒட்டி ஒரு பழைய இரும்புக் கட்டில் கிடந்தது, தலைமாட்டில் வெறும் இரண்டு கம்பிகளோடு. அத்தை அதில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, திட்டின் மேல் மடித்த சேலையில் தலைவைத்து, மூக்கை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் தூங்குவாள். படுத்துத் தூங்கிப் பல வருஷமாகியிருந்தது. மாமா காயப்போட்ட உருண்டையை ஒரு குச்சியால் தள்ளிவிட்டுத்தான் சேலையை மடித்து வைப்பாள்.

இப்படியிருக்கையில் மாமாவின் பங்காளி ஒருவர் இரண்டு தெரு தள்ளி வீடு கட்டினார். அவருக்கும் பனியன் கம்பெனிதான், எங்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிசு. புதுமனைப் புண்ணியார்ச்சனைக்கு எல்லோரும் போயிருந்தோம். வந்தவர்களுக்கெல்லாம் அவர் புதுக் கட்டிலைக் காட்டினார். கோயமுத்தூரில் செய்தது, தலைமாட்டில் பூவேலை செய்த தேக்குப் பலகை. எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். மாமா ஒன்றும் தெரியாதவர்போலப் பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் விட்டு, அதன் மேல்விளிம்பு தன் உடம்பில் எங்கே வருகிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டார். நெஞ்சு வரை வந்தது. விருந்துச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. வரும் வழியெல்லாம் அவர் வலதுகை நெஞ்சின் மேல் அதே இடத்திலேயே இருந்தது. பார்த்தவர்கள் மாரடைப்போ என்று பயந்திருப்பார்கள். அளவு மறந்துவிடக்கூடாதே என்று விரலை வைத்திருந்தார்.

மறுவாரம் கட்டில் செய்ய ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது. நல்ல பர்மாத் தேக்கு, தலைமாட்டில் எதிரெதிராக இரண்டு மயில்கள். பலகையின் உயரத்தை மட்டும் நேரில் வந்து சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை, மாமா குளித்துக்கொண்டிருந்தபோது, அத்தை பின்பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டாள். கையில் ஒரு பனியன் வேஸ்ட் நாடா. எங்கள் ஊரில் எதற்கும் அதுதான். விறகுக் கட்டும் அதனால்தான் கட்டுவோம், குழந்தைத் தொட்டிலும் அதனால்தான். கிணற்றடியில் கொடிக்கயிறும் அதுதான். அத்தை தரையிலிருந்து சன்னல் திட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே வரை பிடித்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டிருந்தாள்.

“கண்ணு, பலகை இந்த முடிச்சுக்கு மேல... போகப்படாது. சன்னல் தொறக்கோணும். அவருகிட்ட நாஞ் சொன்னா... காதுல ஏறாது. நீ ஆசாரிகிட்டச் சொல்லிப்போடு.”

“செரீங்க அத்தை” என்று வாங்கிக்கொண்டேன். அப்போது என் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை எடுத்துச் சுவரில் ஒரு தரம் பிடித்து, இத்தனை இஞ்ச் என்று ஒரு காகிதத்தில் எழுதியிருக்கலாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை இழுபடுகிற துணியோடு மல்லுக்கட்டுகிறவன் நான். அது அளவைத் தாங்காது என்று எனக்குத் தெரியாதா? தோன்றவில்லை. மீனுக்குத் தண்ணீர் தெரியாததுபோல அந்தத் துணி எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாமாவோடு கிளம்பினேன்.

பட்டறையில் மாமா முதலில் கையைத் தன் கழுத்துக் குழியில் வைத்துக் காட்டினார். இது வரைக்கும் வரவேண்டும் என்றார். நான் இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டி, அத்தை ஒரு அளவு கொடுத்துவிட்டிருக்கிறாள், சன்னல் மறையக்கூடாதாம் என்று நாடாவை நீட்டினேன். ஆசாரி வாங்கித் தன் முழக்கோலின் மேல் தொய்வாக வைத்துப் பார்த்தார். மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. சன்னலுக்கு இதுதான் செரி என்று அவரும் சொன்னார்.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூட மனுசன் என்று ஒரு மரியாதை இருந்திருக்கும். அவர் சிரித்தார். நாடாவை வாங்கி, ஒரு முனையைக் கீழே போட்டு பூட்ஸால் மிதித்தார். முடிச்சை இரண்டு விரலால் பிடித்து மேலே இழுத்தார். கட்டிங் மேஜையில் இழுப்பாரே, அதே இழுப்பு. நாடா மெலிந்து ஓரம் சுருண்டு நூல்போல ஆனது. முடிச்சு இடுப்பைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, கழுத்துக் குழிக்கு வந்து நின்றது.

“இதானுங்க அவ குடுத்த அளவு. முடிச்சு எங்க இருக்குதுன்னு பாத்துக்குங்க” என்றார்.

ஆசாரி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். “மாஸ்டரு, நீங்க சொல்லுங்க. எதுங்க அளவு?”

உளி வைத்துக்கொண்டிருந்த ஆட்கள்கூட நிறுத்திவிட்டார்கள். எனக்கு என் வீடு ஞாபகம் வந்தது. அது அவருடைய லைன் வீடு. என் வேலை ஞாபகம் வந்தது. அத்தையின் ஞாபகமும் வந்தது, இல்லையென்று சொன்னால் பொய். மாமா சொல்வதுதான் அளவு என்று சொன்னேன். ஆசாரி பென்சிலை எடுத்துக் காதில் ஒரு தரம் தேய்த்துவிட்டு மரத்தில் கோடு போட்டார்.

கட்டில் வந்த அன்று ஏழு பேர் பிடித்தும் வாசற்படியில் நுழையவில்லை. நிலைக்கதவைக் கழற்றி, பலகையைச் சாய்த்து உள்ளே கொண்டுபோனார்கள். தெற்குச் சுவரை ஒட்டிப் போட்டதும் சன்னலின் கீழ்ப்பாதி காணாமல் போனது. மேல்பாதி தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? கதவுகள் உள்ளே திறக்கிறவை. மயிலின் முதுகு முட்டிக்கொண்டு ஒரு விரல்கூட அசையவில்லை. அத்தை பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நாடாவை ஆசாரியிடம் கொடுத்தாயா என்று கேட்டாள். கொடுத்தேன் என்றேன். அது உண்மைதான், அந்த வரைக்கும்.

“நீ குடுத்த அளவுதான்” என்றார் மாமா அவளிடம். “ஆசாரி பட்டறையில எல்லாரும் பாத்தாங்க.”

தள்ளிப் போடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். மேற்கே பீரோ, கிழக்கே நூல் மூட்டைகள், வடக்கே தலைவைத்து யாரும் படுக்க மாட்டார்கள். ஒரு சாண் மட்டும் சுவரைவிட்டு இழுத்துப் போடுங்கள், கதவு திறந்துகொள்ளும் என்று அத்தை மூச்சு வாங்கி மூச்சு வாங்கிக் கேட்டாள். அன்று அவள் வாக்கியத்தை முடிக்கும் வரை மாமா காத்திருந்தார். பிறகு, நடுவீட்டில் கட்டில் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார்.

பார்க்கிறவர்கள் வந்தார்கள். பம்பாய் வியாபாரி வந்தார், நூல் புரோக்கர் வந்தார், பங்காளியே வந்தார். ஒவ்வொருவரையும் அந்த அறைக்குக் கூட்டிப் போவார் மாமா. அத்தை சாய்ந்திருந்தால் பலகை மறைகிறதல்லவா? அவள் எழுந்து ஓரமாக நிற்க வேண்டும், பீரோவைப் பிடித்துக்கொண்டு. வந்தவர் மயிலின் கண்ணைத் தடவி, வேலைப்பாட்டை மெச்சி, மரத்தைத் தட்டிப் பார்த்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். மாமா அந்த நேரத்தில் தீக்குச்சியால் காதைக் குடைந்து, வந்ததை மெத்தையின் அடிப்பக்கத்தில் தடவிக்கொண்டே தேக்கின் பெருமை பேசுவார். ஒரு மாதத்துக்குள் ஒரு மயிலின் வயிற்றில் அவர் தலையெண்ணெய் வட்டமாகக் கறுத்துப் படிந்தது. அந்தக் கட்டிலில் சுகமாகக் கால் நீட்டித் தூங்கியது அவர் ஒருவர்தான். அத்தை பின்வாசற்படிக்கு மாறிவிட்டாள். கதவைத் திறந்து வைத்து, நிலையில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே கண்ணை மூடுவாள். நான் தினமும் காலையில் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவேன். சாப்பிட்டாயா கண்ணு என்று கேட்பாள். ஒருநாளாவது அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வாசற்படி நனைந்து, சாரல் உள்ளே அடித்தது. அத்தை கட்டிலுக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது. மூன்றாவது நாள் காலை பத்து மணி இருக்கும். எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. செக்கிங்கில் இருந்த பொம்பளை ஒருத்தி தண்ணீர் குடிக்கப் பின்னால் போனவள் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். போய்ப் பார்த்தபோது அத்தை மெத்தையில் மண்டிபோட்டு, இரண்டு கையாலும் பலகையின் மேல்விளிம்பைப் பிடித்து, மூடியிருந்த சன்னலின் மேல் முகத்தை வைத்திருந்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. சத்தமே வரவில்லை. அவளைத் தூக்கி வெளியே கொண்டுபோகலாம் என்றால் பலகையைப் பிடித்த பிடியை விடவில்லை.

நான் அவள் தோளைத் தாங்கிக்கொள்ள, நிட்டிங்கில் இருந்த நாலு பேர் கட்டிலைப் பிடித்து இழுத்தார்கள். அசையவில்லை. பர்மாத் தேக்கு. இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மாமா வாசலில் நின்று கத்தியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

“பாத்து இழுங்கடா. மயில் தோகை பீரோவுல இடிச்சரப் போவுது.”

ஒரு சாண் நகர்ந்ததும் நான் கையை உள்ளே விட்டுக் கொக்கியைத் தள்ளிக் கதவைத் திறந்தேன். ஈரக்காற்று முகத்தில் அடித்தது. அதற்குள் அத்தையின் கைகள் பலகையை விட்டுவிட்டிருந்தன. ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிட ஓடியவனைப் பாதி வழியில் திரும்பக் கூப்பிட்டோம்.

சேவூரிலிருந்து அத்தையின் அண்ணன் வந்தார். அறுபதை நெருங்கிய மனிதர், ஏர் பிடித்த கை. காரியமெல்லாம் முடிந்த அன்று, கூட்டம் கலைந்த பிறகு, அந்த அறைக்குள் போய் நின்றார். கட்டிலை மாமா அதற்குள் மறுபடியும் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். பெரியவர் பலகையைப் பார்த்தார், அதற்குப் பின்னால் மூடிக்கிடந்த சன்னலைப் பார்த்தார், மறுபடியும் பலகையைப் பார்த்தார். தோட்டத்துக்காரருக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, இந்தப் பலகைய இத்தன ஒசரமா யாருங்க செய்யச் சொன்னது?”

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார். துண்டை மடித்து மறுபடியும் தோளில் போட்டார். “உங்க தங்கச்சிதானுங்க மச்சான். அவளே அளவெடுத்து, முடிச்சுப் போட்டு, நம்ம மாஸ்டரு கையில குடுத்துவிட்டா. கேட்டுப் பாருங்க.”

பெரியவர் என் பக்கம் திரும்பினார். அழுது சிவந்த கண். அதில் கோபமில்லை. ஒரே ஒரு பதிலுக்காகத்தான் காத்திருந்தார். நாடாவை மிதித்து இழுத்ததைச் சொல்லியிருக்கலாம். ஆசாரி கேட்டதையும் நான் சொன்னதையும் சொல்லியிருக்கலாம். போனது அத்தைதான், மாமாவின் லைன் வீட்டில் நான் இன்னும் குடியிருந்தேன்.

“ஆமாங்க” என்றேன்.

பெரியவர் தலையை ஆட்டினார். பலகையின் அருகே போய், காய்ப்பேறிய உள்ளங்கையால் மேல்விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். அத்தை கடைசியாகப் பிடித்திருந்த இடத்தின் மேலும் அந்தக் கை போயிற்று.

“பொறந்ததுலருந்து வாயத் தொறந்து ஒண்ணு கேட்டவ இல்லீங்க எம்பட தங்கச்சி” என்றார். “இது ஒண்ணாச்சும் அவ கேட்ட அளவுல கெடச்சுதே, சாமி.”

பிறகு என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் கேட்டதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான் என்று.